எண்ணூர் பழைய படங்கள்: புதுப்பிப்பு

மாமா வீட்டு பீரோவில் கிடைத்த எண்ணூர், திருவொற்றியூர் படங்கள் எந்த வருஷத்தவை என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

உப்பளத்துக்குப் பின்னால் புகைபோக்கி தெரியும் படத்துக்குத்தான் பெரிய விவாதம். எண்ணூர் அனல்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது 1970-ல். அதனால் படம் அதற்கு ரொம்ப முந்தையதாக இருக்க வழியில்லை என்று ஒருவர் மடக்கிவிட்டார். சரிதான். புல்லட் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்பவர் படம் அநேகமாக 1955-க்கு அப்புறம். சென்னையில் பாகங்களைச் சேர்த்து அந்த வண்டியை உருவாக்க ஆரம்பித்ததே அப்போதுதான்.

எனக்குப் பிடித்தது ஷிப்ட் விடும் நேரத்துப் படம். கேட்டுக்கு வெளியே சைக்கிள் கூட்டம், ஹேண்டில்பாரில் தொங்கும் டிபன் கேரியர்கள். ஓரத்தில் கூடைக்காரம்மா மீனின் செவுளைத் தூக்கிக் காட்டுகிறார். காக்கிச் சட்டைக்காரர் கேமராவைப் பார்க்கவே இல்லை, கண் முழுக்க செவுளில்தான். பேரம் படிந்ததா தெரியாது!

பெரம்பூர் பி அண்டு சி (பக்கிங்காம் அண்டு கர்னாடிக்) துணி மில் படம் கேட்டவர்களுக்கு: 1918-ல் சென்னை தொழிலாளர் சங்கம் பிறந்த இடமாச்சே, எனக்கும் ஆசைதான். ஆனால் இந்தப் படங்களில் ஒன்றுகூட அந்த மில்லுடையது இல்லை.

ஸ்கேன் வேலை மெதுவாகத்தான் நகர்கிறது. பசை ஆல்பத்தில் ஒட்டிய படங்களைப் பிய்த்தால் முகமே உரிந்துவிடும். முடிந்தால் தையல் நூலை அடியில் விட்டு மெல்ல அறுத்தெடுக்கிறேன், இல்லாவிட்டால் பக்கத்தோடு அப்படியே ஸ்கேன். உங்கள் வீட்டு ஆல்பத்திலும் தயவுசெய்து கைவைத்து இழுக்காதீர்கள்.