ஃபிரிஸ்கோவில் வீடு: 2003 பழசா, 380க்கு வடக்கே புதுசா?

பொருநைக்கரை கேட்டது:

டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ பக்கம் இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று பிரெஸ்டன் ரோட்டுக்கும் ரயில் தடத்துக்கும் நடுவில், 2003இல் கட்டினது. இன்னொன்று 380 நெடுஞ்சாலையைத் தாண்டி செலைனா பக்கம். பில்டர் இன்னும் ஸ்லாப் (அஸ்திவாரமான கான்கிரீட் தளம்) போடவில்லை. இரண்டும் ஆறு லட்சம் டாலரை ஒட்டி.

அஸ்திவாரம் ஆடும் என்கிறார்களே, எதை வைத்துக் கண்டுபிடிப்பது? புது லேஅவுட்டில் மட், பிட் என்று தனி வரி சொல்கிறார்கள், வருஷத்துக்கு எவ்வளவு இழுக்கும்? ராத்திரி ரயில் ஹாரன் தூங்க விடுமா? ஸ்கூல் நல்லது, கோயில் பக்கம் என்பதெல்லாம் ஏஜென்ட்டே சொல்லிவிட்டார், அது வேண்டாம்.

கரிசல்காட்டான்:

முதலில் மண்ணைப் பற்றி. ஃபிரிஸ்கோ இருப்பது பிளாக்லேண்ட் பிரெய்ரி என்கிற கருப்பு மண் பூமியில். கோவில்பட்டி, சாத்தூர் பக்கம் சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கிறதே, அதே ஜாதிக் கரிசல். இங்கேயும் பருத்திதான் போட்டார்கள். பிறகு ரயில் வந்தது. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும். பிரெஸ்டன் மேடு அதற்குத் தோதுப்படாததால் 1902 வாக்கில் தடம் மேற்கே தாழ்வான நிலத்தில் போனது. மேட்டில் இருந்த லெபனான் ஊர்க்காரர்கள் சிலர் வீட்டையே மரக்கட்டைகள் மேல் உருட்டித் தடத்தோரம் கொண்டுவந்தார்கள். ஸ்லாப் வீட்டுக்கு அந்த வசதி கிடையாது, நின்ற இடத்தில்தான் மண்ணோடு மல்லுக்கட்டணும்.

இந்த மண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வீடு முழுக்க ஒரே மாதிரி ஏறி இறங்கினால் பெரிய சேதம் இல்லை. ஜூலை, ஆகஸ்டில் ஓரத்து மண் காய்ந்து இறங்கும், நடுவில் இருக்கிற மண் ஈரமாகவே நிற்கும். அந்த வித்தியாசம்தான் சுவரைப் பிளக்கிறது.

2003 வீட்டை வெளியிலிருந்து சுற்றிப் பாருங்கள். செங்கலில் படிக்கட்டு மாதிரி ஏறும் வெடிப்பு, ஜன்னல் சட்டத்துக்கும் செங்கலுக்கும் நடுவில் இடைவெளி, உள்ளே கதவு மூலையிலிருந்து சாய்வாக ஓடும் கீறல், தாழ் சரியாக விழாத கதவு. தலைமுடி அளவுக் கீறல் எல்லா வீட்டிலும் இருக்கும். கால் அங்குலம் தொட்டால் இன்ஜினியர் வேண்டும். ஸ்லாப்பின் வெளி மூலையில் மட்டும் முக்கோணமாகச் சில்லு பெயர்ந்திருந்தால் பதற வேண்டாம், செங்கல் வெயிலில் விரிந்து இழுப்பதால் வருவது, பெரும்பாலும் பார்வைக் குறைதான்.

அஸ்திவாரத்தை இலவசமாகப் பார்த்துத் தருகிறோம் என்று வருபவர் பியர் (ஸ்லாப்பைத் தாங்க மண்ணுக்குள் இறக்கும் தூண்) விற்கிற ஆள். ரிப்பேர் வேலை எடுக்காத, லைசென்ஸ் உள்ள ஸ்ட்ரக்சரல் இன்ஜினியருக்குக் காசு கொடுத்து, வீட்டுத் தரை முழுக்க மட்டம் அளந்த வரைபடம் வாங்குங்கள். பின்னாளில் ஏதாவது இறங்கினால் ஒப்பிட அதுதான் ஆதாரம்.

குடிவந்த பிறகு: மண் வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக 10 அடிக்கு 6 அங்குலம் சரியணும். மழைநீர்க் குழாயின் வாய் சுவரிலிருந்து 5 அடி தள்ளி விழணும். சோக்கர் ஹோஸை (நீளமெங்கும் நீர் கசியும் குழாய்) ஸ்லாப்பிலிருந்து 12 முதல் 18 அங்குலம் தள்ளி நாலு பக்கமும் போடுங்கள். வெயில் அடிக்கிற மேற்குப் பக்கம் மட்டும் போட்டால் கோளாறை நீங்களே உண்டாக்குகிறீர்கள். மண் விலகி வெடிப்பு விட்ட பிறகு அந்த இடுக்கில் தண்ணீரை ஊற்றவே கூடாது, நேராக அடியில் இறங்கி ஒரே இடத்தில் உப்ப வைக்கும்.

சென்ட்ரிங்பலகை:

புது வீட்டுக்கு நான் சொல்கிறேன். இங்கே ஸ்லாப் பெரும்பாலும் போஸ்ட் டென்ஷன்: பிளாஸ்டிக் உறைக்குள் எஃகுக் கேபிள், கான்கிரீட் இறுகிய சில நாளில் ஜாக்கி வைத்து இழுத்துப் பூட்டுவார்கள். ஸ்லாப்பை எந்தக் காலத்திலும் துளை போடவோ வெட்டவோ கூடாது என்பது அதனால்தான்.

கான்கிரீட் ஊற்றும் முன், டிரைவால் (உட்சுவர்ப் பலகை) அடிக்கும் முன், சாவி வாங்கும் முன் என்று மூன்று தடவை உங்கள் சொந்த இன்ஸ்பெக்டர் வரணும். நகராட்சி ஆள் பார்ப்பது இதற்கு ஈடு இல்லை. முதல் தடவைதான் முக்கியம். கேபிள் தரையில் கிடக்காமல் சின்னச் சின்னத் தாங்கிகள் மேல் நிற்கிறதா, உறை கிழிந்திருக்கிறதா, பீம் பள்ளத்தில் மண் சரிந்தோ தண்ணீர் தேங்கியோ இருக்கிறதா என்று பார்க்கணும். மழை வந்தால் ஊற்றும் தேதி ஒரே நாளில் மாறும், அதனால் சைட் சூப்பர்வைசரின் நம்பரைக் கையில் வையுங்கள். வெளி இன்ஸ்பெக்டரை உள்ளே விடுவோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

மண் பரிசோதனை அறிக்கையையும் கேளுங்கள். அந்த மனையில் மண் எத்தனை அங்குலம் உயரக்கூடும் என்று அதில் ஒரு எண் இருக்கும். அதைக் குறைக்க மண்ணைத் தோண்டி ஈரப்படுத்தி மறுபடி இறுக்கினார்களா என்பது அடுத்த கேள்வி.

வாரன்டி வழக்கமாக வேலைப்பாட்டுக்கு 1 வருஷம், குழாய், மின்சாரம், ஏசி இணைப்புகளுக்கு 2, கட்டமைப்புக்கு 10. பதினோராம் மாதம் ஒரு இன்ஸ்பெக்ஷன் வைத்து லிஸ்டை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை:

மட், பிட் இரண்டும் ஒன்றல்ல, அண்ணே. மட் (MUD) என்பது தண்ணீர், சாக்கடை, ரோடு போட வாங்கிய கடன் பத்திரத்தை அடைக்க வரி வாங்கும் தனி அமைப்பு. வீட்டு மதிப்பின் மேல் வரி. 100 டாலருக்கு 80 சென்ட் என்று வைத்தால் ஆறு லட்சம் வீட்டுக்கு வருஷம் 4,800 டாலர், மற்ற வரிக்கு மேல். வீடுகள் நிரம்ப நிரம்ப விகிதம் இறங்குவதுண்டு, உத்தரவாதம் இல்லை. பிட் (PID, பொது மேம்பாட்டு மாவட்டம்) மனைக்கு இவ்வளவு என்று எழுதிவைத்த தொகை. மதிப்பைக் குறைக்கச் சொல்லி வாதாடினாலும் அது அசையாது, ஹோம்ஸ்டெட் சலுகையும் (சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான வரிக் கழிவு) அதற்கு இல்லை. பிட் இருந்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்துக்கு முன்பே நோட்டீஸ் தரணும் என்பது சட்டம். பாக்கி எவ்வளவு, எந்த வருஷம் முடியும், மொத்தமாக அடைக்கலாமா என்று அப்போதே கேளுங்கள்.

புது வீட்டில் பலரை வீழ்த்துவது வேறு. ஜனவரி 1 அன்று இருந்த நிலைமைக்குத்தான் அந்த வருஷ வரி. அன்றைக்கு அது வெறும் மனை என்றால் முதல் வருஷ பில் சின்னது. அதை வைத்து பேங்க் எஸ்க்ரோ (வரிக்கென்று தவணையோடு சேர்த்துப் பிடிக்கும் பணம்) போட்டால், அடுத்த வருஷம் முழு வீட்டுக்கும் பில் வந்து மாதத் தவணை பல நூறு டாலர் எகிறும். முழு மதிப்புக்கே எஸ்க்ரோ போடச் சொல்லுங்கள்.

குடிவந்ததும் ஓட்டுநர் உரிமத்தில் விலாசம் மாற்றி ஹோம்ஸ்டெட் விண்ணப்பம் போடுங்கள். பள்ளி வரியில் 1,40,000 டாலர் கழியும் (2025 வரி ஆண்டிலிருந்து), அதற்கடுத்த வருஷம் முதல் வரி மதிப்பு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது. விண்ணப்பம் இலவசம், கட்டணம் கேட்டு வரும் கடிதத்தைக் குப்பையில் போடுங்கள். மதிப்பை எதிர்க்க மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பிய 30 நாள், எது பிந்தியதோ அது.

ஃபிரிஸ்கோ ஊரே காலின், டென்டன் என்று இரண்டு கவுன்டியில் கிடக்கிறது, பள்ளி மாவட்ட எல்லையும் ஊர் எல்லையோடு ஒத்துப்போகாது. ஏஜென்ட் வாயை நம்பாமல் அப்ரைசல் மாவட்டத்தின் (வீட்டு மதிப்பை நிர்ணயிக்கும் அமைப்பு) தளத்தில் விலாசத்தைப் போட்டு எந்தெந்த அமைப்பு வரி வாங்குகிறது என்று பாருங்கள்.

கேட்கீப்பர்:

அந்தத் தடம் இன்று பி.என்.எஸ்.எஃப். ரயில் நிறுவனத்தின் சரக்குப் பாதை. மத்திய விதிப்படி கிராசிங்குக்கு 15 முதல் 20 வினாடி முன்பிருந்து ஹாரன் அடிக்கணும், 96 முதல் 110 டெசிபல்: இரண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம். குவயட் ஜோன் (ஹாரன் தவிர்க்கும் பகுதி) ஆக்கிய கிராசிங்கில் இது வழக்கமாகக் கிடையாது. கிராசிங் ஓரத்து நீலப் பலகையில் ஆறு இலக்கமும் ஒரு எழுத்தும் இருக்கும். அந்த எண்ணை மத்திய ரயில்வே நிர்வாகத்தின் தளத்தில் போட்டால் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி, குவயட் ஜோன் உண்டா என்று வரும். செலைனா வீட்டுக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள், இதே தடம்தான் அங்கேயும் போகிறது.

பயணிகள் ரயில் என்று கனவு வேண்டாம். ஃபிரிஸ்கோ டார்ட்டில் (டாலஸ் வட்டாரப் போக்குவரத்து அமைப்பு) சேரவில்லை. விற்பனை வரியில் அதற்குப் போயிருக்க வேண்டிய 1 சதவீதம், பாதி பாதியாக ஊரின் இரண்டு வளர்ச்சிக் கழகங்களுக்குப் போகிறது. டார்ட்டின் ரெட் லைன் ரயில் பிளேனோ பார்க்கர் ரோடோடு முடிகிறது.

இன்னொன்று: பழைய டவுன்டவுனுக்குத் தெற்கே 2012 வரை பேட்டரி மறுசுழற்சிக்காக ஈயம் உருக்கிய ஆலை ஒன்று இருந்தது. அந்தப் பக்கத்தில் வாங்கி, கொல்லையில் கீரை, முருங்கை போடுகிற எண்ணம் இருந்தால் முதலில் மண்ணை ஈயத்துக்குச் சோதியுங்கள்.

பொருநைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. 2003 வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டி, டிரைவ்வே கான்கிரீட்டில் சாப்பாட்டுத் தட்டு அளவில் வட்டத் திட்டுகள் நான்கு வரிசையாக, வேறு நிறத்தில் இருக்கின்றன. விற்பவர் கொடுத்த தாளில் ரிப்பேர் எதுவும் இல்லை.

கரிசல்காட்டான்:

பியர் இறக்கத் துளைத்து மூடின தடமாகத்தான் இருக்கும். ரிப்பேர் நடந்த வீடு என்பதாலேயே தள்ள வேண்டாம், தாளில் எழுதாததுதான் உறுத்துகிறது. எத்தனை பியர், எவ்வளவு ஆழம், வாரன்டி புது உரிமையாளருக்கு மாறுமா என்று எழுத்தில் கேளுங்கள். ஸ்லாப்பைத் தூக்கும்போது அடியில் ஓடும் கழிவுக் குழாய் விரிசல் விடுவது சகஜம், கசிவு மண்ணை உப்ப வைத்து மறுபடி ஆடும். அதனால் ஹைட்ரோஸ்டாடிக் சோதனை கட்டாயம்: வெளிக் குழாயை பலூன் வைத்து அடைத்து, ஸ்லாப் மட்டம் வரை நீர் நிரப்பி, இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். விற்பவர் சம்மதம் வேண்டும், அதற்கென்றே ஒப்பந்தத்தில் தனி இணைப்புப் படிவம் இருக்கிறது. ஆப்ஷன் பீரியட்டை (காரணம் சொல்லாமல் ஒப்பந்தத்திலிருந்து விலகக்கூடிய அவகாசம்) 10 நாள் கேளுங்கள். இன்ஜினியர், பிளம்பர் இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போடும் முன்பே தேதி வாங்கிவிடுங்கள், 7 நாளில் இரண்டும் முடிவது கஷ்டம்.