பாரா ஷிக்ரி பனியாற்றில் இருவர் மட்டும் செல்வது குறித்து ஆலோசனை தேவை
மலையேற்ற நண்பர்களுக்கு வணக்கம். இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பகுதியில், சுமார் 28 கி.மீ. நீளமுள்ள பாரா ஷிக்ரி பனியாற்றின் மேற்பகுதிச் சிகரங்களுக்கு வரும் செப்டம்பரில் நானும் என் தோழியும் மட்டும் செல்லவிருக்கிறோம். வழியிலுள்ள கர்ச்சா ஓடையில் பகலில் பனி உருகி நீர் பெருகும் என்பதால் விடியலிலேயே கடந்துவிடுவோம். எங்கள் பெருங்கவலை பனியாற்றிலுள்ள ஆழமான வெடிப்புகளான பனிப்பிளவுகளே. ஒரே கயிற்றால் பிணைந்து செல்லும் எங்களில் ஒருவர் உள்ளே விழுந்தால், மற்றவர் தனியாகவே அந்த எடையைத் தாங்கிக்கொண்டு, கயிற்றைக் கட்டுவதற்கான பிடிமானமாகப் பனியில் நங்கூரமும் அமைக்க வேண்டும். அதனால் இருவருக்கும் இடையே உள்ள கயிற்றில் முடிச்சுகள் இட எண்ணியுள்ளோம். அவை பிளவின் விளிம்பில் சிக்கி விழுவதைத் தடுக்க உதவும். ஆனால் மேலே இழுக்கும்போது அதே முடிச்சுகள் கப்பியில் தடைபடுமே. இருவராகச் சென்று பழகியவர்கள் எத்தனை மீட்டர் இடைவெளி விட்டீர்கள், மீட்புக்கெனத் தனிக் கயிறு கொண்டுசென்றீர்களா என்பதைத் தெரிவித்து உதவ வேண்டுகிறேன்.