கவர் சாங்: ‘வழியிசை’ என்ற சொல் பொருந்துமா?

மதிப்பிற்குரிய குழும அன்பர்களுக்கு வணக்கம்.

ஒருவர் முன்பே தந்த பாட்டை வேறொருவர் மீண்டும் பாடியோ வாசித்தோ தரும் ‘கவர் சாங்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடி ஒரு வாரமாக வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். ‘போர்வைப் பாடல்’, ‘நகல் பாடல்’, ‘மறுமெட்டு’, ‘கவரிசை’ ஆகிய நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. நான்கிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணம் சொல்லுமுன், எந்தப் பொருளுக்குப் பெயர் தேடுகிறோமோ அந்தப் பொருளை ஒரு முறை நேரில் பார்த்துவிடுவது நல்லது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் தங்கச்சிமடத்து விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகு வேலை பார்க்கும் என் அக்காள் மகன் அந்த நாட்களில்தான் கிட்டாரைக் கையில் எடுப்பான். உப்புக்காற்றில் எஃகுக் கம்பிகள் விரைவில் துருவேறிவிடும் என்பதால், வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்த பிறகே உறையில் இடுவான். சென்ற தடைக்காலத்தில் அவன் வேகமான திரைப்பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆறாவது கம்பியை ‘இ’ சுரத்திலிருந்து ‘டி’ சுரத்துக்கு இறக்கி, பெருவிரல் அதைத் தம்பூராவைப் போல விடாமல் மீட்டிக்கொண்டிருக்க, மற்ற விரல்களால் கீழ்க்கம்பிகளில் மெட்டை வாசித்தான். பாடகரின் குரலில் வரும் குழைவுகளைக் கம்பியின் மீது விரலை இழுத்தும் கம்பியை வளைத்தும் கொண்டுவந்தான். வேகத்தைப் பாதியாகக் குறைத்து, கரைவலை இழுக்கும் நடையில் தாளத்தை அமைத்திருந்தான். இரண்டு இழுப்பு, பிறகு மூச்சு வாங்க ஒரு நிறுத்தம். கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த என் தாயார் நிமிர்ந்து பார்த்து, “ஏப்பா, இது அந்தப் பாட்டுத்தான். ஆனா நம்ம கரையில பாடுன மாதிரி இருக்கு” என்றார். நாம் ஆக்கும் சொல்லில் அவர் சொன்ன இரண்டு பாதிகளும் இருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

‘போர்வை’ என்பது வெறும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. அமெரிக்க இசைத்தட்டு வணிகத்தில் ஒரு கம்பெனியின் பாட்டு விற்கத் தொடங்கியதும் வேறொரு கம்பெனி அதே பாட்டைத் தன் பாடகரைக் கொண்டு பதிவு செய்து சந்தையில் பங்கு பிடித்த வழக்கத்தோடு தொடர்புடைய சொல் அது. போர்த்துவதற்கும் அதற்கும் உறவில்லை. ‘நகல்’ என்றால் வாசித்தவரின் பங்கே இல்லாமல் போகிறது. ‘மறுமெட்டு’ நேர்மாறான பொருளைத் தருகிறது, ஏனெனில் இங்கே மாறாமல் இருப்பதே மெட்டுத்தான். அத்துடன் வீணைத் தண்டின் மீது குறுக்கே பதித்த 24 மெட்டுகளைப் போலக் கிட்டாரின் கட்டைகளையும் மெட்டு என்று சொல்வோர் இருப்பதால் குழப்பம் கூடும். ‘கவரிசை’ ஒலிப்பில் நெருக்கமானது என்று அதை முன்வைத்த ஐயா எழுதியிருந்தார்கள். ஒலிப்பு சரிதான், ஆனால் பகைவரின் ஆநிரை கவர்ந்த வெட்சி மறவரை நினைவுபடுத்தும் ‘கவர்’ என்ற வினையை இசைக்கலைஞரின் தலையில் கட்டினால், பாட்டைத் திருடியவர் என்று நாமே சாட்சி சொன்னதாகிவிடும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இதை யாரும் தொடாததால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 31சி பிரிவு ‘கவர்’ பதிவுகளைப் பற்றியது. முதற்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பிறகே அப்பிரிவின்படி பதிவு செய்யலாம். உரிமையாளருக்கு முன்னறிவிப்பும் உரிமைத்தொகையும் தர வேண்டும். அவரது இசைவோடு முன்பே செய்யப்பட்ட மாற்றங்களும் பதிவுக்குத் தொழில்நுட்ப அளவில் தேவையான மாற்றங்களும் தவிர வேறு மாற்றம் கூடாது. ஆகவே சட்டம் சுட்டும் ‘கவர்’ பெரிதும் மாறாத ஒன்று. நம் பையன்கள் ‘கவர் பண்ணினேன்’ என்று சொல்வதோ மாற்றுவதையே பெருமையாகக் கருதும் ஒன்று. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டது என்பதற்காக நாமும் அடக்க வேண்டியதில்லை. முன்னதற்கு ‘மறுபதிவு’ போதும். ‘இளைய நிலா’வின் கிட்டார்ப் பகுதியை 1982இல் கேட்டபடியே சுரம் பிசகாமல் வாசித்துப் பதிவு செய்பவர் மறுபதிவு செய்கிறார். அதுவும் எளிய வேலையன்று, ஆனால் வேறு வேலை.

பின்னதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஓர் இலக்கணம் இருக்கிறது. முதல்நூலைப் பின்பற்றி எழும் வழிநூலுக்கு நன்னூல் சொல்லும் இலக்கணம் இது: “முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி அழியா மரபினது வழிநூ லாகும்.” முன்னோர் நூலின் முடிபை ஒத்து, பின்னவர் வேண்டும் மாறுபாடுகளையும் சொல்வது வழிநூல் என்பது இதன் பொருள். இதில் நூல் என்னும் இடத்தில் பாட்டை வைத்துப் பாருங்கள். முடிபு ஒத்திருப்பது மெட்டு. பின்னோன் வேண்டும் விகற்பம் என்பது வேகம், சுருதி, கார்டு (chord) எனும் சுரக்கூட்டுகளின் தேர்வு, விரல்நடை. விகற்பத்தை இலக்கணமே அனுமதிக்கிறது, அனுமதிப்பதோடு நில்லாமல் அதையே இலக்கணத்தின் பாதியாகவும் வைக்கிறது. ஆகவே ‘வழியிசை’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். மூலத்தை ‘முதலிசை’ எனலாம். ‘வழியிசைத்தான்’, ‘வழியிசைப்பவர்’ என்று வினையாகவும் பெயராகவும் தடையின்றி வளைகிறது. முதலில் ‘வழிப்பாட்டு’ என்றுதான் எழுதிப் பார்த்தேன். ஓர் ஒற்று விடுபட்டால் வழிபாட்டு மன்றத்தில் போய் உட்கார்ந்துவிடும் என்பதால் கைவிட்டேன்.

தங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.
தங்கச்சிமடத்திலிருந்து

*

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

சொல் நன்றாக இருக்கிறது. கீழக்கரைக்காரனாக இரண்டு ஐயங்கள். ‘வழியிசை’ என்று எங்கள் தெருவில் சொன்னால் இராமநாதபுரம் பேருந்தில் போடும் பாட்டு என்றே எண்ணுவார்கள். இரண்டாவது, திரைப்பாட்டு மெட்டில் இஸ்லாமிய மார்க்கப் பாடல்கள் எழுதிப் பாடுவதைச் சிறுவயது முதல் கேட்டிருக்கிறேன். தங்கள் கரையில் மாதா பாடல்களும் அவ்வாறு இருக்கக்கூடும். அவையும் வழியிசை ஆகுமா? கரைவலைக்காரர்கள் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை ஒருவர் கிட்டாரில் வாசித்தால் அதற்கு என்ன பெயர்?

*

அன்புத் தம்பிக்கு,

பேருந்து ஐயத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. ‘வழிநூல்’ என்றதும் பயண நூல் என்று நினைப்பவரும் உண்டு, பழகப் பழகச் சரியாகும். மெட்டு நிற்க, சொற்கள் மாறும் பாட்டுக்கு ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று தலைப்பின் கீழ் அச்சிடும் பழைய வழக்கமே போதுமானது; அதை வழியிசைக்குள் இழுக்க வேண்டாம். அம்பாதான் கடினமான கேள்வி. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் அந்தப் பாட்டில், காற்றுக்கும் வலையின் கனத்துக்கும் ஏற்ப அன்றன்றைக்கு அடிகள் நீளும், குறையும்; இன்னார் செய்த முதலிசை என்று சுட்ட ஆள் இல்லை. முதல் இல்லாத இடத்தில் வழியும் இல்லை என்பதால், அம்பாவைக் கிட்டாரில் வாசிப்பவரையும் அம்பா பாடுபவர் என்றே சொல்லிவிடலாம் என்று படுகிறது. மற்ற அன்பர்கள் மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த திருவிழாவில் அக்காள் மகன் மேடையேறும்போது நிகழ்ச்சித்தாளில் பாட்டின் பெயருக்குக் கீழே முதலிசையாளர் பெயரையும், அதற்குக் கீழே ‘வழியிசை’ என்று இவன் பெயரையும் அச்சிடச் சொல்லியிருக்கிறேன். தாளைப் பார்த்து எத்தனை பேர் ‘எந்த வழி?’ என்று கேட்டார்கள் என்பதை எண்ணி எழுதுகிறேன்.