பேர்ட் ஆஃப் பாரடைஸ்: பூக்கிறது, விதை மட்டும் பிடிப்பதில்லை

குன்னூரிலிருந்து:

வீட்டு வாசலில் பேர்ட் ஆஃப் பாரடைஸ் வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. முதலில் வாங்கியது ஏமாற்றமாகப் போனது. நர்சரியில் இந்தப் பெயரைச் சொல்லித்தான் கொடுத்தார்கள். பூத்த பிறகு பார்த்தால் ஹெலிகோனியா. அதுவும் அழகுதான், ஆனால் நான் ஆசைப்பட்டது இது. அப்புறம் தெரிந்த தோட்டக்காரர் ஒருவர், வாழைக்குப் பக்கக்கன்று எடுப்பது போலத் தன் பழைய தூரிலிருந்து இரண்டு கன்று பிரித்துக் கொடுத்தார். மூன்று வருடம் வெறும் இலைதான். “வேர் நெருக்கினால்தான் பூக்கும், தொட்டியை மாற்றாதீங்க” என்றார். நாலாம் வருடம் தொட்டியில் விரிசல் விட்டது, முதல் பூவும் வந்தது.

அன்று காலை முழுக்க அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பச்சை மடல் அலகு மாதிரி கிடையாக நீட்டிக்கொண்டு நிற்கிறது, விளிம்பில் செங்கோடு. அதன் முதுகு பிளந்து ஆரஞ்சு இதழ்கள் கொண்டை போல நிமிர்கின்றன, நடுவில் நீல அம்பு ஒன்று. மடலிலிருந்து கோந்து போல ஒரு நீர் வழிந்து விரலில் ஒட்டியது. ஒரு பூ வாடும்போது அதே மடலுக்குள்ளிருந்து அடுத்த பூ எழும்புகிறது.

இப்போது வருடத்துக்கு இருபது பூவாவது வருகிறது. தேன்சிட்டுகளும் வந்து போகின்றன. ஆனால் ஒரு விதைகூடப் பிடித்ததில்லை. யாருக்காவது பிடித்திருக்கிறதா?

கேப் டவுனில் இருந்தவர்:

அக்கா, அது தேன்சிட்டு மட்டும் வருவதால்தான். அந்தச் செடியின் சொந்த ஊர் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பக்கம். அங்கே அதற்கு மகரந்தம் சுமப்பது நம் தூக்கணாங்குருவி வகையைச் சேர்ந்த கேப் வீவர். நீங்கள் சொன்ன நீல அம்பு உண்மையில் இரண்டு இதழ்கள் ஒட்டிக்கொண்டது. குருவி அதன் மேல் கால் வைத்ததும் கனம் தாங்காமல் விரியும், உள்ளே இருக்கும் மகரந்தம் காலில் அப்பிக்கொள்ளும். அடுத்த பூவில் போய் உட்காரும்போது அம்பு நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் சூல்முடியில் அது ஒட்டும். தேன்சிட்டோ பெரும்பாலும் அம்பை மிதிக்காமலே தேனை எடுத்துக்கொண்டு போய்விடும்.

இதை நான் தெரிந்துகொண்டது கிர்ஸ்டன்பாஷ் தாவரவியல் பூங்காவில். டேபிள் மவுண்டனின் கிழக்குச் சரிவில் இருக்கிறது, 1913இல் தொடங்கியது. வேலை நிமித்தம் இரண்டு வருடம் அந்த ஊரில் இருந்தேன், பல ஞாயிற்றுக்கிழமைகள் அங்கேதான் போயின. செப்டம்பரில் ஒருநாள் மஞ்சள் நிறத்தில் பூத்திருந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். ஆரஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் பளிச்சென்ற மஞ்சள், அம்பு மட்டும் அதே நீலம். பெயர்ப் பலகையில் ‘மண்டேலாஸ் கோல்டு’.

அந்த மஞ்சள் அபூர்வமாகத்தான் தோன்றும். ஜான் வின்டர் என்ற பூங்காப் பொறுப்பாளர் கையில் கிடைத்த சில மஞ்சள் செடிகளைத் தனியாக வைத்து, ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றில் கையாலேயே சேர்த்துச் சேர்த்துப் பெருக்கினார். கிட்டத்தட்ட 20 வருடம்! விதையை அணில் கடித்துவிடாதபடி பூங்கொத்துக்குக் கம்பி வலை வேறு கட்ட வேண்டியிருந்தது. 1994இல் ‘கிர்ஸ்டன்பாஷ் கோல்டு’ என்று வெளியிட்டார்கள், 1996இல் மண்டேலாவின் பெயரை வைத்தார்கள். விதை போட்டு முதல் பூவைப் பார்க்கவே நாலைந்து வருடமாவது ஆகும் செடி இது. அதை நினைத்துக்கொண்டு அந்தப் பாத்தியைப் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது.

நீங்களும் கையால் செய்து பாருங்கள். அம்பை மெல்ல அழுத்தினால் வெள்ளையாக நூல் நூலாக மகரந்தம் வரும். அதை வேறு தூரின் பூவில், அம்பு நுனியில் தடவுங்கள்.

டர்பனிலிருந்து:

மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இங்கே கடலோரம் முழுக்க இதன் பெரியண்ணன், ஸ்ட்ரெலிட்சியா நிக்கோலாய். ஊர்க்காரர்கள் காட்டு வாழை என்கிறார்கள். மரம் போல 12 மீட்டர்வரை போகும், பூ வெள்ளையும் நீலமுமாக இருக்கும். விதை கிடைத்தால் அதன் உச்சியைப் பாருங்கள் அம்மா. கறுப்பு விதை, மேலே ஆரஞ்சு நூல்கொத்து. காய்ந்து எத்தனை நாளானாலும் அந்த நிறம் போவதில்லை. அதில் இருப்பது பிலிருபின், மஞ்சள் காமாலையில் நம் கண்ணை மஞ்சளாக்கும் அதே நிறமி. விலங்குகளிடம் மட்டும்தான் உண்டு என்று நினைத்திருந்ததை 2009இல் முதன்முதலாக இந்தக் காட்டு வாழையின் விதையில் கண்டுபிடித்தார்கள்.

மீண்டும் குன்னூரிலிருந்து, பத்து மாதம் கழித்து:

தம்பி, பிடித்துவிட்டது! நீங்கள் சொன்னபடியே இரண்டு தூருக்கும் மாற்றி மாற்றி ஆறு பூக்களில் தடவினேன். இரண்டு காய் நின்றது. ஆறு மாதத்தில் முற்றி மூன்றாகப் பிளந்தது. ஐயா சொன்ன ஆரஞ்சுக் கொத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பிய்த்துப் போட மனசே வரவில்லை. சரி என்று ஒரே ஒரு விதையை அப்படியே டப்பாவில் வைத்துக்கொண்டு, மீதி பதினொன்றையும் இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்துப் போட்டேன். இரண்டு மாதம் மண் அசையவில்லை. போன வாரம் ஒன்று முளைத்திருக்கிறது. இலை இன்னும் விரியவில்லை, சுருட்டிய குருத்தாகத்தான் நிற்கிறது.