கம்பத்தில் ஏறும் முன் பத்து நிமிடம்

மின்வாரிய உதவிப் பொறியாளர்:

2018 நவம்பர் 16 விடியற்காலை, வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியது. லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்து டெல்டாவில் ஊர் ஊராக இருட்டு. மேற்கு மாவட்டங்களிலிருந்து போன குழுக்களில் எங்களுடையதும் ஒன்று. தென்னந்தோப்புக்குள் லாரி போகாது, கம்பத்தைத் தோளில்தான் சுமந்தோம். முதல் மூன்று நாளும் வேலை முடிந்ததும், "எல்லாரும் நல்லா வேலை பாத்தீங்கப்பா" என்பேன். தலையாட்டிவிட்டுக் கை கழுவப் போய்விடுவார்கள்.

எங்கள் வயர்மேன் அண்ணனுக்கு ஓய்வுபெற இரண்டு வருடம்தான் பாக்கி. ஊரிலேயே கரண்ட் இல்லை, லைனில் எங்கிருந்து வரப்போகிறது என்று எல்லாரும் அவசரப்படுத்தினாலும் லைனில் கரண்ட் இருந்தால் பூமிக்கு இறக்கும் எர்த் ராடு மாட்டாமல் ஏற மாட்டார், மற்றவர்களையும் ஏற விட மாட்டார். கம்பத்துக்குக் கம்பம் கூடுதலாகப் பத்து நிமிடம். மூன்று நாளும் எனக்கு எரிச்சல்தான்.

நான்காம் நாள் ராடைக் கம்பியில் வைத்ததும் பொறி பறந்தது. தெருக்கோடி வீட்டில் மெயினை இறக்காமல் ஜெனரேட்டர் ஓட்டியிருக்கிறார்கள். அந்தக் கரண்ட் திரும்பி லைனில் ஏறியிருக்கிறது. எங்கள் குழுவின் சின்னப் பையன் இடுப்பில் பெல்ட் கட்டி, ஏறத் தயாராகக் கீழே நின்றிருந்தான்.

அன்று ராத்திரி கல்யாண மண்டபத்தில் ஊர்க்காரர்கள் எங்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். அத்தனை பேர் முன்னாலும் எழுந்து சொன்னேன்: "அண்ணே, நான் அவசரப்படுத்தினேன், நீங்க அசையலை. இந்தப் பையன் இன்னைக்குப் பந்தியில உக்காந்திருக்கான்னா அது உங்களாலதான்." அவர் பதில் பேசவில்லை, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார். மறுநாள் காலை ராடைத் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நடந்தது அந்தப் பையன். ஊருக்குத் திரும்பியதும் நடந்ததை மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து, பதிவேட்டில் சேர்க்கச் சொன்னேன். அந்தப் பேச்சு மண்டபத்தோடு போய்விடக் கூடாது என்று தோன்றியது. உங்கள் வேலையிடத்தில் இப்படி மனதில் நின்ற பாராட்டு இருந்தால், அதையும் எழுதுங்கள்.

செவிலியர்:

ராத்திரி டியூட்டி. கேஸ் ஷீட்டில் இன்சுலின் 10 யூனிட் என்று எழுதியிருந்தார்கள். யூனிட்டுக்குப் போட்ட ஆங்கில 'U' எழுத்தின் வாய் மூடிப்போய்ச் சைபர் மாதிரி இருந்தது, படித்தால் 100. ஊசி போடவில்லை. இரண்டு மணிக்கு டாக்டரைக் கூப்பிடக் கை நடுங்கியது, ஆனாலும் கூப்பிட்டேன். காலை ரவுண்ட்ஸில் டாக்டர், மாணவர்கள் உட்பட எல்லாரையும் நிறுத்தி, "எழுதினது நான். சிஸ்டர் கேட்டதாலதான் இந்த நோயாளி பிழைச்சார். சந்தேகம்னா எந்நேரமும் கூப்பிடுங்க" என்றார். தன் தப்பையும் சேர்த்தே சொன்னார் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிசு. அதன்பிறகு எங்கள் வார்டில் புதுப் பிள்ளைகளும் தயங்காமல் போனை எடுக்கிறார்கள்.

திருப்பூர், பேட்லாக் (பனியன் தைக்கும் ஃப்ளாட்லாக் மெஷின்) டெய்லர்:

யாராவது பாராட்டினாலே எனக்குப் பயம் வரும். முன்னால் இருந்த கம்பெனியில், "அக்கா, உங்க கை மாதிரி வருமா" என்று சூப்பர்வைசர் சிரித்தால் அடுத்த மணி நேரத்திலேயே டார்கெட் ஏறும். இப்போது இருக்கிற இடத்தில் செக்கிங் பார்க்கும் அம்மா ஒருத்தர், ஒருநாள் பண்டலைத் தூக்கிக்கொண்டு என் மெஷினுக்கே வந்தார். ஒரு பீஸின் கழுத்தை உட்புறமாகப் புரட்டிக் காட்டி, "ஜாயிண்ட் எங்கன்னே தெரியலை கண்ணு. இந்தப் பண்டல்ல ஒண்ணுகூட ஆல்டர் இல்லை" என்று, திருப்பித் தைக்க எதுவும் இல்லை என்பதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பதினோரு வருஷமாகத் தைக்கிறேன். என் தையலைப் புரட்டிப் பார்த்து ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லும்போது அழுதுவிட்டேன்.

மறுநாள் டார்கெட் ஏறவில்லை.