மறு: 'ஹீட்டர் கோர்' – கணப்புக்கூடுன்னு வச்சா என்ன?

> ஹீட்டர் – வெப்பமூட்டி. கோர் – உள்ளகம். ஆகவே 'வெப்பமூட்டி உள்ளகம்' எனலாம்.

ஐயா வணக்கம். வண்டிக்குள்ள சூடு காத்து தர்ற ஹீட்டரோட பாகங்களுக்கு நம்ம சொல் பட்டியல்ல தமிழ்ப் பேர் தேடறோம், அதுல ஹீட்டர் கோருக்கு நீங்க சொன்ன மாதிரி 'வெப்பமூட்டி உள்ளகம்' எனலாந்தான், ஆனா இங்க இடுக்கி மலையில பூப்பாறையில ஒரு ஒர்க்‌ஷாப்புல போய் "வெப்பமூட்டி உள்ளகம் அடைச்சிருக்கு"ன்னு சொன்னா அந்தத் தம்பி எதைக் கழட்டுவான்? உள்ளகம்னா உள்ள இருக்கறது, சரி, எதுக்குள்ள, என்ன வேலை பாக்குது, ஒண்ணும் புரியல. மொதல்ல சாமானைப் பாத்துருவோம், புள்ளை பொறந்த பெறகுதானே பேரு.

இந்தக் கேள்வி கெளம்புனதே எங்க பழைய பிக்கப்புலதான். கீழ சமவெளியில ஓடுன வண்டி, ஏலக்காய் லோடுக்குன்னு வாங்கி மேல கொண்டாந்தோம், ஹீட்டர் லீவரை முழுசா செவப்புப் பக்கம் தள்ளுனாலும் சில்லுன்னுதான் காத்து வருது. கீழ இருக்கறவங்க இதைக் கேட்டா சிரிப்பீங்க, மூணாறு பக்கம் ஜனவரியில செண்டுவாரை மாதிரி எடத்துல புல்லு மேல உறைபனி வெள்ளையா படிஞ்சு கெடக்கும், பூஜ்ஜியத்துக்குக் கீழயும் எறங்கும். விடியக்காலம் போடிமெட்டு தாண்டி அந்த 17 கொண்டை ஊசி வளைவுல எறங்கறப்ப கண்ணாடி உள்பக்கம் ஆவி புடிச்சிருச்சுன்னா ஒரு கையில துணி ஒரு கையில ஸ்டீயரிங்னு ஓட்டணும். சொகுசுக்குக் கேக்கல.

ஹீட்டருக்குள்ள நெருப்பும் கெடையாது, கரண்ட்டுல சூடாகற காயிலும் கெடையாது. இன்ஜின் சூட்டை வாங்கிக்கிட்டு வர்ற கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கற தண்ணி) ரெண்டு ரப்பர் ஹோஸ் வழியா டேஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்கற ஒரு குட்டி ரேடியேட்டருக்குள்ள போயிட்டுத் திரும்பி வருது, ப்ளோயர் அதோட தகட்டு இடுக்கு வழியா காத்தை ஊதுது, அவ்வளவுதான். நாம பேர் தேடறது அந்தக் குட்டி ரேடியேட்டருக்கு. (ரேடியேட்டரை 'கதிர்வீசி'ன்னு சில அகராதியில பாத்தேன். அது கதிர் வீசிச் சூட்டைத் தள்றது ரொம்பக் கொஞ்சம், பெரும்பாலும் காத்துதான் சூட்டை வாங்கிட்டுப் போகுது. இங்கிலீஷ்காரன் தப்பா வச்ச பேரை நாம அப்படியே மொழிபெயர்த்து வச்சிருக்கோம், இன்னொரு தடவை அது வேணாமே.)

இப்ப எது கெட்டுருக்குன்னு பாக்கற முறைக்கு வர்றேன், ஏன்னா சொல்லும் அங்கேர்ந்துதான் வரணும்னு நெனைக்கிறேன். வண்டி நல்லா சூடான பெறகு ஃபேன்ல கை மாட்டிக்காம அந்த ரெண்டு ஹோஸையும் தொட்டுப் பாக்கணும். ரெண்டும் கை வைக்க முடியாத சூடுன்னா தண்ணி ஒழுங்காப் போகுது, உள்ள காத்தைத் திருப்பி விடற பலகையோ அதை இழுக்கற கேபிளோ போயிருக்கு. ஒண்ணு சூடு ஒண்ணு சில்லுன்னு இருந்தா குட்டி ரேடியேட்டர் அடைச்சிருக்கு, இல்லேன்னா தண்ணி வர்ற வால்வு மூடுனபடியே சிக்கியிருக்கு. ரெண்டும் வெதுவெதுப்புதான்னா இன்ஜினே சூடாகல, இல்ல கூலன்ட் கம்மி. டேஷ்போர்டுக்குள்ள கொடகொடன்னு தண்ணி ஓடற சத்தம் கேட்டா தண்ணி ஓடற வழியில ஏர் (காத்து) புடிச்சிருக்கு.

எங்க வண்டியில ரெண்டும் வெதுவெதுப்பு. கூலன்ட் லெவல் சரியாத்தான் இருந்துச்சு, கழட்டிப் பாத்தா தெர்மோஸ்டாட்டே (இன்ஜின் சூடாகற வரைக்கும் தண்ணியப் பெரிய ரேடியேட்டருக்கு விடாம மூடி வைக்கற வால்வு) இல்ல! கீழ வெயில்ல ஓவர்ஹீட் ஆகுதுன்னு சொல்லி யாரோ புடுங்கிப் போட்டுட்டு அது இருந்த எடத்தை மட்டும் திரும்ப மூடியிருக்காங்க. சமவெளியில பல ஒர்க்‌ஷாப்புல இது பழக்கம். அது இல்லேன்னா தண்ணி எப்பவும் பெரிய ரேடியேட்டரைச் சுத்திக்கிட்டே இருக்கும், மலையில கியர்ல எறங்கறப்ப டீசல் எரியறதே கம்மி, அப்புறம் எங்கேர்ந்து சூடு வரும். ஹீட்டர் வேலை செய்யாததோட போச்சா, டீசலும் கூடக் குடிக்கும், இன்ஜினும் தேயும். புதுசு வாங்கறப்ப திறக்கற டிகிரி, 82, 88ன்னு, அதுலயே பொறிச்சிருக்கும், கொதிக்கற தண்ணியில போட்டா வாயைத் திறக்கணும், ஆறுனா மூடணும், பாத்துட்டு மாட்டுங்க.

அது மாட்டுன பெறகு காத்து சூடாச்சு, ஆனா அரை மனசோடதான். ஒரு ஹோஸ் இன்னும் சில்லுன்னுதான் இருந்துச்சு. ரெண்டையும் கழட்டி எதிர்த்திசையில தண்ணி விட்டா செங்காவிச் சேறு வந்துச்சு, போர்த்தண்ணியை ஊத்தி ஊத்தி ஓட்டியிருக்காங்க. குட்டி ரேடியேட்டர் பழைய கூடு, பம்ப் வச்சு அடிச்சா ஒட்டுன எடம் விட்டுரும், சும்மா தோட்டத்து ஹோஸ்ல மெதுவா விடணும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊத்தி, வண்டி மூஞ்சி மேட்டைப் பாத்து இருக்கற மாதிரி நிறுத்தி, இன்ஜின் ஆறியிருக்கறப்பவே மூடியத் திறந்து வச்சு, ஹீட்டரை முழுசாத் திறந்துட்டு ஸ்டார்ட் பண்ணி ஏர் எடுத்தோம். சூடா இருக்கறப்ப அந்த மூடியத் தொடவே கூடாது. பழைய கூலன்டை முத்தத்துல கொட்டி வைக்காதீங்க, இனிக்கும், நாய் நக்கிட்டு செத்துப் போகும்.

மேல நானே அந்தக் குட்டி ரேடியேட்டரைக் 'கூடு'ன்னு எழுதிட்டேன் பாருங்க, வேற எதுவும் வாயில வரல. ஹீட்டருக்குக் கணப்புன்னு வைக்கலாம், எஸ்டேட் லயத்துல (தொழிலாளர் வரிசை வீட்டுல) குளிருக்கு மூட்டற நெருப்புக்குக் கணப்புன்னுதான் இன்னமும் பேரு, காய்ச்சல்ல உடம்பு கணகணன்னு இருக்குன்னு சொல்றோம்ல. அப்ப ஹீட்டர் கோர் கணப்புக்கூடு. கையில எடுத்துப் பாத்தீங்கன்னா தகடும் குழாயும் பின்னி கூடாத்தான் இருக்கும். "கணப்புக்கூடு அடைச்சிருக்கு, கணப்புக்கூடு ஒழுகுது"ன்னு சொல்லிப் பாருங்க, நாக்கு தடுக்கல. (கால்மிதி நனைஞ்சு இனிப்பு வாடை வந்தா ஒழுகுதுன்னு அர்த்தம்.)

தங்கச்சி ஒருத்தர் நெடுநல்வாடையில வர்ற 'தடவு' எடுக்கலாமேன்னு எழுதியிருந்தீங்க. கணப்புச்சட்டிக்கு அருமையான பழைய சொல்தான்மா, ஆனா "தடவு ரிப்பேர்"னு ஒர்க்‌ஷாப்புல சொன்னா க்ரீஸ் டப்பாவைத்தான் எடுப்பான். 'குளிர்காய்வி'யில அரசியல் வாடை அடிக்குது, விட்டுருங்க.

காத்தைத் திருப்பற பலகைக்கு 'கலப்புக் கதவம்'னு ஐயா போட்டிருக்கீங்க. நான் காற்றுமடைன்னு சொல்வேன். 1895லேர்ந்து பெரியாத்துத் தண்ணி பாயற கம்பம் பள்ளத்தாக்குல மடைன்னா யாருக்கும் விளக்கம் தேவையில்ல. தண்ணி வால்வுக்கும் கணப்புமடைன்னே வச்சுக்கலாம், "மடை சிக்கிருச்சு"ன்னா முடிஞ்சது. ஏர் எடுக்கறதுக்குக் காத்தெடுப்பு போதும், பிரேக்குலயும் அதே வேலைதானே. எங்க பக்கம் மலையாள மெக்கானிக்கும் நம்ம தமிழைப் புரிஞ்சுக்குவாங்க, நாங்களும் காயலான்கடையை ஆக்ரிக்கடைன்னுதான் சொல்றோம், புரியாதோங்கற பயம் வேணாம்.

தெர்மோஸ்டாட்டுக்கு எனக்கு ஒண்ணும் சிக்கல. 'வெப்பநிலை நிறுத்தி'ன்னா இன்ஜினை நிறுத்தற மாதிரி இருக்கு, அதனால இப்போதைக்கு தெர்மோஸ்டாட்டுன்னே பட்டியல்ல இருக்கட்டும். மத்த சொல்லுகளுக்கு மறுப்பு இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதுங்க, இல்லேன்னா ஐயா ஏத்திருங்க.