கற்பனை உலகின் தொன்மத்தை வாசகருக்கு எவ்வளவு சொல்வது?

கேள்வி:

நண்பர்களுக்கு வணக்கம். உப்பளத்தை நம்பி வாழும் தீவு மக்களைப் பற்றி ஒரு நாவல் எழுதி வருகிறேன். அந்தத் தீவு எந்த வரைபடத்திலும் இல்லாதது. அவர்கள் வணங்கும் 11 தெய்வங்களும் என் கற்பனையே. உலகம் தோன்றிய விதம், தெய்வங்களின் வம்சாவளி, அவர்களுக்குள் மூண்ட போர் ஆகிய அனைத்தையும் முதல் அத்தியாயத்திலேயே 30 பக்கங்களுக்கு எழுதியிருந்தேன். படித்த நண்பர் ஒருவர், தலபுராணத்தை மனப்பாடம் செய்யச் சொன்னதுபோல் இருக்கிறது என்று கூறிக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் தொன்மத்தை முன்பே சொல்லாவிட்டால், பின்னால் வரும் சடங்குகள் வாசகருக்கு எப்படிப் புரியும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1:

அயர்லாந்து எழுத்தாளர் டன்சனி பிரபு 1905-இல் தம் சொந்தச் செலவில் வெளியிட்ட 'பெகானாவின் தெய்வங்கள்' என்ற சிறு நூலைத் தாங்கள் படித்துப் பார்க்கலாம். எந்தப் பழைய மதத்தையும் கடன் வாங்காமல் தெய்வக் கூட்டம் ஒன்றையே புதிதாகப் படைத்த நூல் அது. அதில் மானா யூட் சூஷாய் என்னும் மூல தெய்வம், சிறு தெய்வங்களைப் படைத்த களைப்பிலும் ஸ்கார்ல் என்பவன் கொட்டும் முரசின் ஓசையிலும் உறங்கிப் போகிறது. முரசு நின்றால் அது விழித்துக்கொள்ளும். உலகங்களும் தெய்வங்களும் அத்துடன் இல்லாமல் போகும். நமக்கு உடனே பள்ளிகொண்ட பெருமாள் நினைவுக்கு வருவார். ஆனால் பெகானாவில் அந்த உறங்கும் தெய்வத்தை மனிதர் எவரும் வேண்டிக்கொள்ளக் கூடாது.

நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்த வரியைப் பற்றி. உலகங்கள் யாவும் அந்த முரசின் எதிரொலிகளே என்று சிலர் சொல்வதாகவும், ஓசையால் கலைந்த உறக்கத்தில் மானா காணும் கனவுகளே என்று வேறு சிலர் சொல்வதாகவும், உண்மை எவருக்கும் தெரியாது என்றும் டன்சனி எழுதுகிறார். தாம் உண்டாக்கிய கதைக்குள்ளேயே கருத்து வேறுபாட்டையும் உண்டாக்கிவிடுகிறார். தங்கள் 30 பக்கங்களில் அப்படி ஒரு சந்தேகமாவது இருக்கிறதா?

உப்பு வாரப் போகும் ஒருத்தி முதல் கைப்பிடியைப் பாத்திக்கு வெளியே எறிகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கடல் தெய்வத்தின் கண்ணில் படாமல் இருக்க என்கிறாள் அவள் தாய். கண்ணில் படுவதற்காகத்தான் என்கிறான் பூசாரி. அவளோ, எறியாவிட்டால் கை அரிக்கும் என்று மட்டுமே அறிந்தவள். இவ்வளவு போதும். சடங்கு வாசகருக்குப் புரிந்துவிடும்.

மறுமொழி 2:

முன்னவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அந்த 30 பக்கங்களைக் கிழித்துப் போட வேண்டாம். ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் தம் கற்பனை உலகின் தொன்மக் கதைகளை 1916-17-இலேயே எழுதத் தொடங்கிவிட்டார். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வெளிவந்தது 1954-55-இல். அந்தத் தொன்மங்களின் தொகுப்பான 'சில்மரில்லியன்' அவர் மறைந்து நான்காண்டுகள் கழித்து 1977-இல்தான், மகன் கிறிஸ்டோபரின் முயற்சியால் அச்சேறியது. இடைப்பட்ட காலத்து வாசகர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் துணுக்குகளே. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில், இரவில் பகைவர் நெருங்கிவரும் வேளையில், அஞ்சி நிற்கும் தோழர்களுக்கு அரகோர்ன் என்னும் வீரன், பெரென் என்பவனும் லூதியென் என்பவளும் கொண்ட பழங்காலக் காதலைப் பாடுகிறான். பயத்தைச் சற்றுத் தள்ளிவைக்கவே அந்தப் பழங்கதை அங்கே வருகிறது. வாசகருக்குப் பாடம் நடத்த அன்று.

இன்னொன்றும் உண்டு. அவருடைய பழைய கதையில் உலகம் முதலில் தட்டையானது. சூரியன் ஒரு மரத்தின் கடைசிக் கனி. முதுமையில் இது அவருக்கு உறுத்தவே, உலகம் தொடக்கம் முதலே உருண்டை என்று திருத்தி எழுத முயன்று, முடிக்காமலே விட்டார். தட்டை உலகக் கதைகளை மனிதர் வழியாகத் திரிந்து வந்த மரபு என்று கொள்ளலாம் என்றும் யோசித்தார். அவர் அந்தத் திருத்தத்தை முடிக்காமல் போனதே நல்லது என்பது என் கருத்து. அந்தக் கனியை இழக்க எனக்கு மனமில்லை.

மறுமொழி 3:

பெயர்களைப் பற்றி எவரும் பேசவில்லையே! டோல்கீன் தம் கதைகளில் வரும் எல்ஃப் என்னும் கற்பனை இனத்தாரின் மொழிகளில் ஒன்றுக்கு ஃபின்னிய மொழியின் ஒலியழகையும், மற்றொன்றுக்கு வெல்ஷ் மொழியின் ஒலியழகையும் அடிப்படையாகக் கொண்டார். ஆகவே ஒரு பெயரைக் கேட்டதும் அது எந்த மரபினது என்று காது ஊகித்துவிடும். தமிழில் எழுதும் தங்களுக்கு இதற்கு நன்னூலே கை கொடுக்கும். ட, ர, ல போன்றவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா என்பது இலக்கணம். தீவின் பூர்வகுடிகளுடைய தெய்வங்களுக்கு விதிக்கு உட்பட்ட பெயர்களையும், பின்னால் படகேறி வந்தவர்களின் தெய்வங்களுக்கு விதி மீறிய பெயர்களையும் வைத்துப் பாருங்கள். யார் முன்னே வந்தவர், யார் பின்னே வந்தவர் என்று ஒரு வரிகூட எழுத வேண்டியிராது. நடைமுறையில் நாம் ராமு, லட்சுமி என்று தயங்காமல் அழைப்பவர்கள் என்பதால், சற்றுப் பழகாத பெயர்களாகத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 11 பெயர்களில் நான்கு, நான் எதையும் எண்ணாமலே, ர-விலும் ல-விலும் தொடங்கியிருக்கின்றன. போரில் தோற்றவர்களாக நான் எழுதியிருப்பவர்களும் அதே நால்வர்தாம். முதல் அத்தியாயத்தை இனி உப்புப் பாத்தியில் தொடங்கப் போகிறேன். போரை எந்தத் தரப்பின் வாயால் சொல்ல வைப்பது என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.